எழுதிய கை எந்நாட்டுக் கை?

"இது நம்முடையது அன்று, அந்நியன் நம் தலையில் கட்டிய சட்டம்!"

பழமையின் அடித்தளம் ஆட்டங்காணும் போதெல்லாம், உலகின் எந்த மூலையிலும் முதலிலே எழும் கூக்குரல் இதுதான். ஒரு கருத்து சரியா தவறா என்று ஆராயத் துணிவற்றோர், அது எங்கே பிறந்தது என்று குலமுறை விசாரிக்கக் கிளம்பிவிடுகின்றனர். மனிதனைக் கண்டதும், "நீ எந்தக் குலம்?" என்று கேட்டுப் பழகிய வாய், சட்டத்தைக் கண்டதும், "நீ எந்த நாடு?" என்று கேட்கிறது. கேள்வி புதிது, கேட்கும் புத்தி பழையது.

இந்தக் கேள்வி ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக ஓயாது ஒலிக்கும் நாடு ஜப்பான். போரிலே தோற்று, இராணுவ எதேச்சாதிகாரம் சரிந்து, அமெரிக்கப் படை காவல் நின்ற காலத்திலே அந்நாட்டுக்கு ஒரு புதிய அரசியல் சட்டம் வந்தது. 1946 நவம்பர் 3-ல் வெளியிடப்பட்டு, 1947 மே 3-ல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் மூல வரைவை எழுதியவர்கள் அமெரிக்கர்கள். எழுதப்பட்ட மொழி ஆங்கிலம். எழுத எடுத்துக்கொண்ட காலம் ஒன்பது நாட்கள். இவற்றை மறுப்பதற்கில்லை. இவற்றை வைத்துக்கொண்டுதான், "திணிக்கப்பட்ட சட்டம்" என்று அங்குள்ள பழமைவாதிகள் பேசுகின்றனர். 1955-ல் தோன்றி, அதன்பின் பெரும்பாலான ஆண்டுகள் ஆட்சிப் பீடத்தில் அமர்ந்த லிபரல் ஜனநாயகக் கட்சி, நமக்கென நாமே ஒரு சட்டம் செய்வோம் என்பதைப் பிறந்தபோதே தன் குறிக்கோள்களுள் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டது.

வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தன்மானமுள்ள எவருக்கும் அந்நியன் கைபட்ட சட்டம் உறுத்தத்தானே செய்யும்? ஆகவே அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளாமல், எடுத்து உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

முதற்கேள்வி: இதற்கு முன்பு இருந்த சட்டம் எந்நாட்டுச் சரக்கு?

1889 பிப்ரவரி 11-ல், மெய்ஜி சக்கரவர்த்தி தம் குடிகளுக்கு ஓர் அரசியல் சட்டத்தை அருளினார். ஆம், அருளினார்! மக்கள் இயற்றியதல்ல, மன்னர் ஈந்தது. நாள் பார்த்த விதத்தையும் கவனியுங்கள்: சூரிய தேவியின் வழித்தோன்றல் என்று புராணம் கூறும் முதல் மன்னர் ஜிம்மு, கி.மு. 660-ல் முடிசூடியதாகச் சொல்லப்படும் நாள் அது. சக்கரவர்த்தி புனிதமானவர், எவராலும் மீறவொண்ணாதவர் என்று அதன் மூன்றாம் விதி முழங்கிற்று.

அந்தச் சட்டத்தை வரைந்த இட்டோ ஹிரோபுமி, அதற்கான அறிவை எங்கே தேடினார்? சூரிய தேவியின் கோயிலிலா? இல்லை. 1882-ல் கப்பலேறி ஐரோப்பா சென்றார். பெர்லின் நகரில் க்னைஸ்ட் என்ற பேராசிரியரிடமும், வியன்னாவில் ஸ்டைன் என்ற பேராசிரியரிடமும் பாடம் கேட்டார். வரையும்போது பக்கத்திலிருந்து யோசனை கூறியவர் ரோஸ்லர் என்ற ஜெர்மானியர். பிரஷ்யத் துணியெடுத்து, ஜெர்மானியத் தையற்காரரைத் துணைவைத்துத் தைத்த அங்கிக்குப் புராணச் சரிகை போட்டார்கள். "இதுவே எம் மரபு" என்றார்கள்!

அது அந்நியமாக இவர்களுக்குப் படவில்லை. 1947-ன் சட்டம் மட்டும் உறுத்துகிறது. ஏன்? முன்னது, மேலே இருந்தவரை மேலேயே வைத்தது. பின்னது, கீழே கிடந்தவரை எழுந்து நிற்கச் சொன்னது. உறுத்தலின் இரகசியம் இதுவே.

இரண்டாவது கேள்வி: அந்நியர் எழுதாது விட்டிருந்தால், ஆளவந்தார்கள் தாமே எழுதியிருப்பார்களா?

பழைய சட்டத்தின் நிழலில், 1925-ல், அமைதிப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. பெயர் அமைதி, வேலை, சிந்தனைக்கு விலங்கு. 1933 பிப்ரவரி 20-ல், பாட்டாளிகளின் வாழ்வை எழுதிய எழுத்தாளர் கோபயாஷி டகிஜி, கைதான அன்றே போலீசாரின் சித்திரவதையில் உயிர் நீத்தார். தத்துவ அறிஞர் மிக்கி கியோஷியின் முடிவு இன்னும் கொடிது. 1945 ஆகஸ்டு 15-ல் சரணாகதி அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 26-ல் அவர் சிறையிலே மாண்டார். தோற்றுப்போன அரசு, நாற்பது நாட்கள் கடந்த பிறகும் சிந்தனையாளரைச் சிறையிலிருந்து விடவில்லை! அரசியல் கைதிகளை விடுவிக்குமாறு அக்டோபர் 4-ல் அமெரிக்கப் படைத் தலைமை கட்டளையிட்டது. அதை நிறைவேற்ற மனமின்றி அமைச்சரவையே பதவி விலகிற்று. 10-ஆம் நாள் சிறைக்கதவுகள் திறந்தன.

பிறகு, அரசியல் சட்டத்தைத் திருத்தும் வாய்ப்பும் முதலில் அவர்களுக்கே தரப்பட்டது. அமைச்சர் மட்சுமோட்டோ ஜோஜியின் தலைமையில் குழு அமர்ந்தது, மாதக்கணக்கில் ஆராய்ந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான்! 'புனிதமானவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'மிக மேலானவர்' என்ற பொருளுடைய சொல்லைப் போடலாம் என்றது அக்குழுவின் திட்டம். சொல் மாறிற்று, சிம்மாசனம் அசையவில்லை. 1946 பிப்ரவரி 1-ல், குழுவின் வரைவுகளுள் ஒன்றை மைனிச்சி நாளேடு அம்பலப்படுத்தியது. அதைக் கண்ட தளபதி மெக்கார்தர், தம் அலுவலர்களையே எழுதப் பணித்தார். டோக்கியோவில் ஒரு காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தில் பிப்ரவரி 4-ல் தொடங்கிய வேலை, ஒன்பதே நாட்களில் முடிந்தது. 13-ஆம் நாள் வரைவு அமைச்சர்களின் கையில் தரப்பட்டது.

திணிப்புத்தான், ஐயமில்லை. ஆனால் யார்மீது திணிப்பு? அமைச்சரவை மீது. மக்கள் மீதும் திணிப்புத்தானா?

அமெரிக்கர் எழுதுகோலைத் தொடுவதற்கு முன்பே, 1945 டிசம்பர் 26-ல், ஜப்பானிய அறிஞர் சிலர் கூடிய அரசியல் சட்ட ஆய்வுக் கழகம் ஒரு வரைவை வெளியிட்டிருந்தது. ஆட்சியுரிமை மக்களிடமிருந்தே பிறக்கிறது. மன்னருக்குச் சடங்குகள் மட்டுமே என்றது அந்த வரைவு. அதன் மொழிபெயர்ப்பு படைத் தலைமையகத்தில் படிக்கப்பட்டது. அங்கிருந்த சட்ட அலுவலர் ஒருவர் அதனைப் பாராட்டிக் குறிப்பே எழுதினார். கழகத்தின் மூளையாக விளங்கிய சுசுகி யசுசோ, 1881-ல் மக்களுரிமை இயக்க வீரர் உவெகி எமோரி எழுதிய அரசியல் சட்ட வரைவை ஆராய்ந்தவர். கொடுங்கோல் அரசை எதிர்க்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று அன்றே எழுதியவர் உவெகி. அதே 1881-ல், டோக்கியோவுக்கு மேற்கே இட்சுகாய்ச்சி என்ற மலையோர ஊரில், சிபா டகுசபுரோ என்ற பள்ளி ஆசிரியர் ஊர் மக்களோடு கூடி விவாதித்து, 204 விதிகள் கொண்ட வரைவு ஒன்றை எழுதினார். ஒரு வீட்டுக் களஞ்சியத்தில் தூங்கிக் கிடந்த அந்தத் தாள்கள், 1968-ல்தான் வரலாற்று ஆசிரியர்களின் கண்ணில் பட்டன.

அந்த விதைகளை 1889-ல் மண்ணில் புதைத்து மேலே அரண்மனை எழுப்பியவர்கள், 1947-ல் முளை தலைகாட்டியபோது, "இது எம் மண்ணில் விளைந்ததன்று" என்கிறார்கள்! புதைத்தவருக்கு அப்படிச் சொல்ல உரிமை ஏது?

வரைவு வந்தபின் ஜப்பானியர் வெறுமனே கைகட்டி நிற்கவும் இல்லை. யமமோட்டோ யூசோ என்ற நாவலாசிரியரும் தோழர்களும், சட்டம் பண்டிதர் நடையில் வேண்டா, மக்கள் பேசும் நடைக்கு இசைய எழுதுக என்று 1946 மார்ச்சில் வேண்டுகோள் கொடுத்தனர். ஏப்ரலில் வெளியான வரைவு, பழைய வழக்கொழிந்த நடையைக் கைவிட்டு, எளிய நடையில் வந்தது. படித்தால் புரியும் சட்டம்! புரியாத மொழியில் உரிமையை எழுதி வைத்தால், அது பூட்டிய பெட்டியிலுள்ள பொன்னல்லவா? 1946 ஏப்ரல் 10-ல் நடந்த தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 39 பெண்கள் கீழ்ச்சபைக்குள் நுழைந்தனர். அந்தச் சபையில்தான் சோஷலிஸ்டுகளான மொரிட்டோ தட்சுவோவும் தோழர்களும், நலமும் பண்பாடும் உள்ள வாழ்வின் குறைந்த அளவாவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்ற கருத்தைச் சேர்த்தனர். 25-ஆம் விதியின் அந்த வாசகம் அமெரிக்க வரைவில் இல்லாதது. ஆகஸ்டு 24-ல் கீழ்ச்சபை 421 வாக்குகளுக்கு 8 என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது.

அந்நியக் கை எழுதியவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். எழுதியவர் பெயாட்டே சிரோட்டா; வயது 22. வியன்னாவில் பிறந்தவர், தந்தை டோக்கியோவில் பியானோ கற்பித்ததால், அங்கே வளர்ந்து, அந்நாட்டு மொழியையும் அந்நாட்டுப் பெண்களின் கண்ணீரையும் அறிந்தவர். பழைய குடியியல் சட்டத்தில், மணமான பெண் தன் சொத்தை விற்கவும் கணவன் அனுமதி வேண்டும். குடும்பத் தலைவன் ஒப்பாத திருமணம் கடினம். கற்பு தவறினால் மனைவிக்குச் சிறை. கணவனுக்கு அந்த விதி இல்லை! அந்த நிலையை அறிந்த கை, இருவர் இசைவு ஒன்றே திருமணத்துக்கு அடிப்படை. கணவனும் மனைவியும் சம உரிமையர் என்ற கருத்தை எழுதிற்று. அதுவே 24-ஆம் விதி. இந்த விதியை, "அந்நியம்" என்று எந்தப் பெண் தூக்கி எறிவாள்? எறியச் சொல்பவர் யார் என்று பார்த்தால், வழக்கு விளங்கிவிடும்.

இவ்வளவு கூறுவதால், கொடுத்தவரைக் கும்பிட்டு நிற்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. கும்பிடும் பழக்கம் நமக்கு இல்லை. கொடுத்தவரின் குற்றங்களையும் கூறுவோம்.

தணிக்கை கூடாது என்று 21-ஆம் விதி சொல்கிறது. அதை எழுதிய அதே படைத் தலைமை, பத்திரிகைகளைத் தணிக்கை செய்தது. சட்டத்தை எழுதியது தான்தான் என்ற செய்தியைக்கூட வெளியிட விடவில்லை! தொழிலாளர் ஒன்றுகூடிப் போராடும் உரிமையை 28-ஆம் விதி தருகிறது. 1947 பிப்ரவரி 1-ல் நடக்கவிருந்த பொது வேலைநிறுத்தத்தை, முந்தின நாள் மெக்கார்தர் தடை செய்தார். படை வைத்துக்கொள்வதில்லை என்கிறது புகழ்பெற்ற 9-ஆம் விதி. 1950-ல் கொரியப் போர் மூண்டதும், 75,000 பேர் கொண்ட சேமப் போலீஸ் அமைக்கச் சொன்னவரும் அவரே. போருக்குப் பெயர் கொடுத்த மன்னரை விசாரணைக் கூண்டில் ஏற்றாமல், ஆளுவதற்கு வசதி என்று கருதி, நாட்டின் அடையாளமாக அமர்த்தி வைத்ததும் அவர்களே. ஒகினாவாத் தீவுகளோ 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியிலேயே கிடந்தன; தந்தவர் தம் பிடியில் வைத்திருந்த மண்ணுக்குத் தந்த சட்டம் எட்டவில்லை.

பெற்றுக்கொண்ட ஆட்சியாளரின் சூழ்ச்சியும் சிறியதன்று. அந்நியருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு உண்டு என்று மூல வரைவில் ஒரு விதி இருந்தது. மொழிபெயர்ப்பும் பேச்சுவார்த்தையும் நடந்தபோது அது மறைந்தது. 'எல்லா மனிதரும்' என்ற இடத்தில் 'நாட்டு மக்கள்' என்ற சொல் அமர்ந்தது. ஒரு சொல்தானே என்பீர்கள். 1947 மே 2-ல், அதாவது புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தின நாள், சக்கரவர்த்தியின் பெயரால் ஓர் ஆணை பிறந்தது: ஜப்பானில் வாழும் கொரியரும் தைவானியரும் இனி அந்நியராகக் கருதப்படுவர்! சுரங்கத்தில் உழைக்கக் கொண்டுவந்தபோது பேரரசின் குடிகள். உரிமை பங்கிடும் பந்தியில் அந்நியர்!

இப்போது உண்மையான சிக்கல் நம் முன் நிற்கிறது. எதேச்சாதிகாரம் வீழ்ந்த நாட்டில், புதிய சட்டம் வெளியிலிருந்து வருவது பெரிய கேடன்று. சட்டம் ஓர் இரவில் வரும். பழக்கம் ஓர் இரவில் போகாது. தாளில் விடுதலை, வீட்டில், நீதிமன்றத்தில், ஊர்த் தெருவில் பழைய ஆட்சி. இந்த இடைவெளியை நிரப்புவது யார்? எழுதிய அந்நியரா? அவர் 1952-ல் ஆட்சிப் பொறுப்பை விட்டு அகன்றார். நிரப்பியவர்கள், அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்ற எளியவர்கள்.

மட்சுமோட்டோ ஜீச்சிரோ என்பவர், முன்பு கூறிய அமைச்சருக்கு உறவல்ல. புராக்கு மக்களின் தலைவர். தோல் பதனிட்டதற்காகவும் விலங்கறுத்ததற்காகவும் தீட்டுடையோர் என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் வழிவந்தவர்களே புராக்கு மக்கள். 1871-ல் அந்த இழிநிலை ஆணையால் ஒழிக்கப்பட்டது, தெருவில் ஒழியவில்லை. 1922-ல் கியோட்டோவில் சமன்மைச் சங்கம் கண்டு அவர்கள் போராடினர். குலத்தாலும் பிறப்பாலும் வேற்றுமை இல்லை என்று 14-ஆம் விதி கூறியபின், 1947-ல் மட்சுமோட்டோ மேற்சபையின் துணைத் தலைவரானார். 1948 சனவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த சக்கரவர்த்தியை வணங்கச் செல்வோர், அவருக்கு முதுகைக் காட்டாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நகரவேண்டும் என்பது வழக்கம். மட்சுமோட்டோ மறுத்தார். மனிதன் மனிதனைப்போல் நடப்பான் என்று காட்டினார். 14-ஆம் விதிக்கு அன்றுதான் கால் முளைத்தது!

அசாகி ஷிகெரு என்பவர் காசநோயாளி. அரசு மருத்துவ இல்லத்தில் கிடந்த அவருக்கு மாதம் 600 யென் உதவி. அந்தக் கணக்கின்படி இரண்டு ஆண்டுக்கு ஓர் உள்சட்டை. இதுவா 25-ஆம் விதி கூறும் நலவாழ்வு என்று 1957-ல் அரசின்மீதே வழக்குத் தொடுத்தார். 1960-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார், 1964-ல் இறந்தார். அவர் இறந்ததால் வழக்கும் முடிந்தது என்றது உச்ச நீதிமன்றம், 1967-ல். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சாகவில்லை. வழக்கு நடக்கும்போதே உதவித்தொகை உயர்த்தப்பட்டது.

பெற்றோரைக் கொன்றால் மரண தண்டனை, இல்லையேல் ஆயுள் தண்டனை என்று பழைய தண்டனைச் சட்டம் கூறிற்று. பெற்ற மகளைப் பல ஆண்டுகள் சீரழித்த தந்தை ஒருவன் அவள் கையால் மாண்டான். பிள்ளைக் கடமை என்ற பெயரில் அவளை நசுக்க வந்த அந்த விதியை, 1973 ஏப்ரல் 4-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அந்நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது அதுவே முதன்முறை. சட்டம் வந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்னொன்று. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இழிவு கூடாது என்றும் பெயாட்டே சிரோட்டா 1946-ல் எழுதியிருந்தார். அது சாதாரணச் சட்டத்துக்குரிய நுணுக்கம் என்று அவருடைய மேலதிகாரிகளே வெட்டிவிட்டனர். அக்குழந்தைக்குப் பாதிப் பங்குதான் என்ற வாரிசு விதியை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது 2013 செப்டம்பர் 4-ல். 67 ஆண்டுகள்! எழுதாமல் விட்டதை எழுதிக்கொள்ள ஒரு நாடு எடுத்துக்கொண்ட காலம் அது. இன்னும் முடியவில்லை: கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர் தாங்கவேண்டும் என்ற விதியை 2015-லும் 2021-லும் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. பெயரை இழப்பவர் மிகப் பெரும்பாலும் பெண்ணே.

சொல் கடல் கடக்கும். பொருளை ஊரார்தான் ஊட்ட வேண்டும். நமக்கே ஒரு சான்று உண்டு. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்றி உயிரையோ உரிமையையோ பறிக்கலாகாது என்ற இந்திய அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி, தன் வாசகத்துக்கு ஜப்பானியச் சட்டத்தின் 31-ஆம் விதியை முன்மாதிரியாகக் கொண்டது. 1950-ல், சென்னை அரசு தடுப்புக் காவலில் வைத்த ஏ. கே. கோபாலன் அதை எடுத்துக்காட்டி வாதிட்டபோது, நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 1978-ல் மேனகா காந்தி வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கேட்டவர்கள் ஓயாமல் கேட்டதால் பொருள் வளர்ந்தது.

ஆகவே, "திணிக்கப்பட்டது" என்போரை நாம் கேட்க வேண்டியது இதுதான்: இதற்குப் பதில் எதை வைக்கப் போகிறீர்கள்? விடை 2012-ல் கிடைத்தது. அந்த ஆண்டு லிபரல் ஜனநாயகக் கட்சி வெளியிட்ட திருத்த வரைவில், மக்கள் தனிமனிதராக மதிக்கப்படுவர் என்ற 13-ஆம் விதியில் 'தனிமனிதர்' போய், 'மனிதர்' வந்தது. பெண்ணை விடுவித்த 24-ஆம் விதியின் தலையில், குடும்பத்தார் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற கட்டளை ஏறிற்று. அடையாளமாக இருந்த சக்கரவர்த்தி, நாட்டின் தலைவர் ஆனார். அந்நியக் கையை வெட்டப் புறப்பட்டவர்களின் வாள் எங்கே பாய்கிறது, பார்த்தீர்களா? தனிமனிதனின் கழுத்திலும் பெண்ணின் கழுத்திலும்!

அந்த வரைவு இதுவரை வரைவாகவே நிற்கிறது. இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இசைந்து, அதன்பின் மக்கள் வாக்கெடுப்பிலும் வென்றாலன்றித் திருத்த முடியாது. 1947 முதல் அந்தச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. திருத்தவே கூடாது என்பது நம் வாதமன்று. விட்டுப்போன கொரியரைச் சேர்க்கத் திருத்தினால் வரவேற்போம். வந்த பெண்ணை வெளியேற்றத் திருத்தினால் எதிர்ப்போம். அளவுகோல் அதுவே.

இளைஞர்களே! ஒரு சட்டத்தை மதிப்பிடும்போது, எழுதிய கை எந்நாட்டுக் கை என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது யார் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கிற்று, யாரை வெளியே நிறுத்திற்று, யார் அதை எடுத்துப் பயன்படுத்தினர் என்று கேளுங்கள். கொடுக்கப்பட்ட உரிமை இரவல் உரிமைதான். கேட்டு, வழக்காடி, தண்டனை ஏற்று, பயன்படுத்தும்போதுதான் அது சொந்த உரிமையாகிறது. நண்டுபோல் நகர மறுத்த அந்த ஒரு மனிதரின் நடைக்கு முன்னால், அந்தச் சட்டம் எந்த மொழியில் முதலில் எழுதப்பட்டது என்ற கேள்வி எம்மட்டு?